கர்ணம் முதல் கிராம நிர்வாக அலுவலர் வரை

கிராம நிர்வாக அலுவலர் என்னும் பதவி 1980-இல் உருவானதே எனினும், அவர் பார்க்கும் வேலை சோழர் காலத்து ஊர்க்கணக்கரிடமிருந்து வழிவழியாக வந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றோர் என விலக்குவதிலிருந்து, ஊராட்சியில் கணக்குக்கு இருந்த மதிப்பை உணரலாம்.

எழுத்தரைக் குறித்த ‘கரணம்’ என்னும் வடசொல்லின் வழிவந்த ‘கர்ணம்’ பதவியின் கடமைகளைக் கும்பினி அரசு 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியால் வரையறுத்தது. 1816-இல் ஊர்த்தலைவருக்குச் சிறு பணவழக்குகளை விசாரிக்கும் உரிமை வழங்கப்பட்டதால், அவர் நீதி வழங்குபவர் எனப் பொருள்படும் அரபுச் சொல்லால் ‘முன்சீப்’ எனப்பட்டார். வரி தண்டியவர் முன்சீப்பே ஆயினும், உண்மையான செல்வாக்கு கர்ணத்தின் எழுதுகோலில் இருந்தது. ஒவ்வொரு புலத்துக்கும் உழவரே அரசுக்கு நேரடியாகத் தீர்வை செலுத்திய ரயத்துவாரி முறையில், புல எண் வாரியாகச் சாகுபடியைக் காட்டும் ‘அடங்கல்’, பட்டாதாரர் வாரியாக நிலத்தைக் காட்டும் ‘சிட்டா’ ஆகிய இரண்டும் அவர் வசமே இருந்தன. பயிர் சாவியாகிப் போனவர் தீர்வையில் வஜா, அதாவது தள்ளுபடி, பெறுவதற்கும் அவரது பதிவே ஆதாரமாயிற்று.

1895-ஆம் ஆண்டுச் சட்டம் இப்பதவிகளைப் பரம்பரைச் சொத்துப்போல் வாரிசுகளுக்கு உரியதாக்கியது. வாரிசு சிறுவனாயின், அவன் வயதுக்கு வரும்வரை வேறொருவர் பணியாற்றினார். ஆந்திர வழக்கொன்றில் 1960-இல் உச்ச நீதிமன்றம் இம்முறை அரசுப் பணியில் சமவாய்ப்பு அளிக்கும் அரசியலமைப்பின் 16-ஆம் பிரிவுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பரம்பரை முறையை எம்.ஜி.ஆர். அரசே ஒழித்தது என்னும் பரவலான கருத்து முழுதும் சரியன்று. பரம்பரை உரிமைச் சட்டம் 1968-இலேயே நீக்கப்பட்டிருந்தது. 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் ஒழிக்கப்பட்டவை கர்ணம், முன்சீப் முதலிய பகுதிநேரப் பதவிகளாகும். அவற்றுக்கு மாற்றாகக் கல்வித்தகுதி வரையறுக்கப்பட்ட முழுநேர அரசு ஊழியரான கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பதவியிழந்தோர் தொடுத்த வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் அரசின் முடிவை ஏற்றது.

பதவிகள் ஒழிந்தும் கணக்குமுறை ஒழியவில்லை. ஜூலை முதல் நாள் தொடங்கும் பசலி ஆண்டும், கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் ஜமாபந்தியும் இன்றும் தொடர்கின்றன.