வைரத்தின் குற்றம்

நம் வீடுகளில் வைரத்தோடு வாங்குவது கடையிலேயே முடிந்துவிடுகிற காரியம் அன்று. கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாட்கள் வைத்துப் பார்க்கும் வழக்கம் இன்றும் பல குடும்பங்களில் உண்டு. அந்நாட்களில் நல்ல செய்தி வந்தால் கல் தங்கும். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால்கூடக் கடைக்குத் திரும்பிவிடும். 'உள்ளே கரும்புள்ளி இருக்கிறதா?' என்பது பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. பழுதுள்ள கல் குடிக்கு ஆகாது என்னும் இந்த அச்சத்தின் பழமையைச் சற்றே தேடிப் பார்ப்போம்.

முதலில் சொல்லைக் காண்போம். முற்றி இறுகிய மரத்தின் உட்பகுதி வயிரம். உழைத்து உரமேறிய உடம்பை வைரம் பாய்ந்த உடம்பு என்கிறோம். நெஞ்சில் இறுகிப்போன பகையும் வயிரமே. கல்லின் பெயர் வடமொழி வஜ்ரத்தோடு உறவுடையது. பகையின் பெயர் வேறொரு வடசொல்லின் வழி வந்தது. பிறப்பு வேறானாலும், தமிழில் இவை ஒரே ஒலியில் கூடி, இறுக்கம் என்னும் ஒரே உணர்வைத் தருகின்றன.

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காண்கிறான். அங்குள்ள வைரங்களுக்கு இளங்கோவடிகள் நான்கு குற்றங்களைப் பெயர் சுட்டிச் சொல்லி, அவை நீங்கிய கற்கள் என்கிறார். காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்பன அவை. காக்கையின் கால் போன்ற கீற்று, கறை, புள்ளி, கோடு என இவற்றை எளிமையாகக் கொள்ளலாம். கல்லின் ஒளியை நால்வகை வருணமாகப் பகுக்கும் இரத்தின நூல் மரபையும் அவர் அறிந்திருக்கிறார். வணிகர் குலத்தான் ஒருவனின் கண்வழியே காட்டப்படும் கடைத்தெருவில் குற்றமுள்ள கல் ஒன்றுகூட இல்லை. காப்பியம் தன் நகரை அவ்வாறு காண விரும்பியது.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. 1010-இல் முற்றுப்பெற்ற அக்கோயிலின் சுவர்களில், முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் வழங்கிய அணிகலன்களின் கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. பொன்னின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுணுகி நிற்கிறது. வைரங்களை எண்ணுமிடத்தில், பொரிவு, முறிவு, இரத்தபிந்து, காகபிந்து, வெந்தன ஆகியவையும் உட்பட என்று எழுத்தர் குறித்திருக்கிறார். வெடிப்புடையது, உடைந்தது, செம்புள்ளி, கரும்புள்ளி, தீப்பட்டாற் போன்றது என அத்தனை பழுதும் பதிவாகியுள்ளன. கொடுத்தவர் பேரரசர், ஏற்றவர் இறைவர். ஆயினும் பழுது மறைக்கப்படவில்லை. பழுதென்று கல் விலக்கப்படவுமில்லை. நம் வீட்டில் ஒரு புள்ளிக்காகத் திருப்பி அனுப்பும் கல், அங்கே இறைவன் திருமேனியை அணி செய்திருக்கிறது.

பழுதை மறைக்கும் கலையும் நம் நாட்டில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா நாட்டுச் சுரங்கங்களைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தவெர்னியே, தூய கல்லை இங்குள்ளோர் மெருகிடுவதோடு விட்டுவிடுவர் என்றும், பழுதுள்ள கல்லில் பல பட்டைகள் தீட்டி அதை மறைப்பர் என்றும் எழுதினார். கிருஷ்ணை ஆற்றங்கரைக் கொள்ளூரில் ஆணும் பெண்ணும் சிறாருமாக ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்தனர் என்கிறார். இன்னொரு சுரங்கத்தில் தொழில் நன்கறிந்த ஆளுக்கும் ஆண்டுக்கு 3 வராகனே கூலி. கல்லின் குற்றங்களைப் பகுத்த நூல்களில் இந்தக் குற்றத்துக்குப் பெயர் இல்லை.

கோகினூரின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1849-இல் லாகூர் உடன்படிக்கையின்படி, பத்து வயதுச் சிறுவனான துலீப் சிங்கிடமிருந்து அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1851-இல் இலண்டன் பொருட்காட்சியில் அதைக் கண்டோர், ஒளி போதவில்லை என்று முகம் சுளித்தனர். மறு ஆண்டே அதைப் புதிதாகப் பட்டை தீட்டினார்கள். 186 காரட் இருந்த கல் 105.6 காரட் ஆயிற்று. கல்லின் குறையை நீக்கினார்கள். அது வந்த வழியின் குறை நீங்கவில்லை.

இனி அந்தக் கரும்புள்ளிக்கு வருவோம். வைரம் கரியே என்பதை 1797-இல் ஸ்மித்சன் டென்னன்ட் அதை எரித்துக் காட்டி நிறுவினார். நிலத்துக்கடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும் அழுத்தத்தில் அது உருவாகிறது. அப்போது அருகிலிருந்த வேறு கனிமத்தின் துகள் உள்ளே சிக்கிக்கொள்வதுண்டு. அதுவே பெரும்பாலும் நாம் காணும் புள்ளி. மஞ்சள் நிறம் நைட்ரஜனால், நீலம் போரானால். வருணத்துக்கு அதில் வேலையில்லை. தூய கரியைக் கொண்டு வயதைக் கணிக்க இயலாது என்பதால், கல்லின் வயதை அறிய அறிஞர்கள் உள்ளே சிக்கிய துகளையே நாடுகின்றனர். சில கற்கள் 300 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தவை என்று தெரிந்தது அவ்வாறுதான். குடிக்கு ஆகாது என நாம் ஒதுக்கும் புள்ளியே அக்கல்லின் பிறப்புச் சான்று.

மீண்டும் மதுரைக்கே வருவோம். கடைத்தெருவில் வைரத்தின் நான்கு குற்றங்களையும் பகுத்தறிந்த நகரம் அது. அதன் அரண்மனையில் ஒரு சிலம்பின் உட்பரல் முத்தா மாணிக்கமா என்று பார்க்க எவரும் முனையவில்லை. பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. பார்த்தபோது கோவலன் உயிருடன் இல்லை. கல்லில் குற்றம் காணும் கண்கள் நமக்கு எப்போதும் இருந்திருக்கின்றன. கல்லைக் கையில் ஏந்தி, யாருடைய குற்றம் எங்கே என்று கேட்கவே நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.