மீள் அதிர்வலைகளும் புவியோட்டின் அமைப்பும்

புவியோட்டின் உள்ளமைப்பைக் கண்ணாற் காண்டல் இயலாது, கேட்டே உணரவேண்டியுள்ளது. கண்டங்களின்கீழ் அவ்வோடு பெரும்பாலும் 30 முதல் 50 கி.மீ. வரை தடிப்புடையது. அதனை முற்றும் ஊடுருவிய துளை இன்றளவும் இல்லை.

வெடிமருந்தாலோ அதிர்கருவியாலோ நிலத்தின்மேல் எழுப்பப்படும் அலை, அடர்த்தியும் வேகமும் மாறும் பாறையெல்லையை அடைந்தவிடத்து, அதன் ஒரு கூறு மேலே மீள்கின்றது. சென்று மீண்ட காலத்தில் பாதியை வேகத்தொடு பெருக்க ஆழம் பெறப்படும். நொடிக்கு 6 கி.மீ. செல்லும் அலை 10 நொடியில் மீளுமாயின் எல்லை 30 கி.மீ. ஆழத்தது. இதனைப் 'பிரதிபலிப்பு' என்பாரும் உளர். எதிரொலி என்னும் பழகிய சொல்லே பொருந்தும் என்பது எம் கருத்து. இவ்வலை ஒலியின் இயல்பினதே அன்றோ?

இம்முறையின் தோற்றம் போரொடு தொடர்புடையது. முதல் உலகப்போரில், பகைவரின் பீரங்கி நின்ற இடத்தை ஒலிகொண்டு துணியும் ஆய்வில் ஈடுபட்டிருந்தவர் அமெரிக்க இயற்பியலாளர் கார்ச்சர். அவர் தம் துணைவரொடு 1921ஆம் ஆண்டு ஆகசுடுத் திங்களில் ஒக்லகோமாவின் ஆர்பக்கிள் மலைப்பகுதியில் களிப்பாறைக்கும் அதன்கீழ்க் கிடந்த சுண்ணாம்புப் பாறைக்கும் இடைப்பட்ட எல்லையை எதிரொலியால் வரைந்து காட்டினார். ஆயினும் எண்ணெய் விலை வீழ்ந்தமையின் அம்முயற்சி அப்போது கைவிடப்பட்டது. உண்மை நிறுவப்பட்ட பின்னரும் அங்காடியின் இசைவுக்கு அது காத்திருக்க நேர்ந்தது.

பின்னர் இம்முறை எண்ணெய் தேடுவாரின் தனியுடைமை போலாயிற்று. அவர்க்கு வேண்டியது சில கி.மீ. ஆழமே, ஆதலின் சில நொடிகளில் கருவியை நிறுத்திவிடுவர். கார்னெல் பல்கலைக்கழகத்து ஆலிவர், காஃப்மன் முதலியோர் 1975இல் தொடங்கிய கோகார்ப்புத் திட்டத்தின் புதுமை, அதே கருவிகொண்டு இன்னும் நெடிது காத்திருந்தமையேயாம். அதன் பயன் பெரிது. தென் அப்பலேச்சிய மலைத்தொடரின் பழம்பாறைகள் ஆழ வேரூன்றியவை எனப் பலர் கருதியிருந்தனர். 1979இல் வெளிவந்த ஆய்வோ, அவை 6 முதல் 15 கி.மீ. தடிப்புள்ள ஒரு தகடாய், குறைந்தது 260 கி.மீ. மேற்கே தள்ளப்பட்டு, தம்மினும் இளைய படிவுப்பாறைகளின்மேல் கிடக்கின்றன என்றது. மலையின் அடியில் அதன் வேர் இல்லை! அத்தகட்டின் வேர் கிழக்கே எங்குள்ளது என்பதிற் பின்னர்க் கருத்து வேறுபாடு எழுந்தது. ஒரே ஏட்டினின்று இரு பாடங் கொள்ளும் நம்மனோர்க்கு இது வியப்பன்று.

அலை எல்லையைக் காட்டுமேயன்றி, எல்லைக்கப்பால் உள்ள பொருளின் பெயரைக் கூறாது. உருசிய நாட்டுக் கோலா தீபகற்பத்தில் ஏறத்தாழ 7 கி.மீ. ஆழத்தே கிரானைட்டு முடிந்து பசால்ட்டு தொடங்கும் என அலைவேகங்கொண்டு எதிர்பார்த்தனர். 1970இல் தொடங்கிய துளை 1989இல் 12,262 மீட்டரை எட்டியும் பசால்ட்டுத் தோன்றவில்லை. வெடிப்புற்று நீர்செறிந்த உருமாற்றப் பாறையே ஆண்டிருந்தது.