வாடகை வரைபடங்களும் அமெரிக்க நகரங்களும்

ஒரு நகரத்தில் வீட்டு வாடகை எங்கே கூடுதல், எங்கே குறைவு என்பதை நிறத்தின் அடர்த்தியால் காட்டும் வரைபடங்கள் இன்று இணையத்தில் பரவலாக உள்ளன. கணினிக்கு முன்பே, 1930களில், அமெரிக்காவில் இம்முறை பெருமளவில் கையாளப்பட்டது.

பெருமந்தக் காலத்தில் இலட்சக்கணக்கானோர் கடன் கட்ட இயலாமல் வீடிழந்தனர். வீடுகளின் நிலையை அறிய 1934இல் 64 நகரங்களில் அரசு கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டுக்கடன்களுக்குக் காப்புறுதி அளிக்கும் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் அதே ஆண்டில் உருவானது. அதன் பொருளியலாளர் ஹோமர் ஹாய்ட், இத்தகைய கணக்கெடுப்புகளைக் கொண்டு, நான்கு தெருக்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு மனைத்தொகுதிக்கும் சராசரி வாடகையைக் கணித்து, அதற்கேற்ப நிழலிட்டு வரைபடங்கள் அமைத்தார். சராசரி என்பதால் ஒரே தொகுதியில் மாளிகையும் குடிசையும் இருந்தால் இரண்டும் ஒரே நிழலில் மறைந்துவிடும்.

நகர மையத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் வளையம் வளையமாக அமைகின்றன என்று 1925இல் எர்னஸ்ட் பர்ஜஸ் கூறியிருந்தார். ஹாய்ட்டின் வரைபடங்களில் அந்த வளையங்கள் தெரியவில்லை. உயர்ந்த வாடகைப் பகுதி, தர்ப்பூசணிக் கீற்றுப்போல ஏதேனும் ஒரு திசையில் நீண்டிருந்தது. பாஸ்டன், சியாட்டில், ரிச்மண்ட் உள்ளிட்ட ஆறு நகரங்களின் 1900, 1915, 1936ஆம் ஆண்டு நிலையை அவர் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். செல்வர் குடியிருப்பு போக்குவரத்துப் பாதையையும் மேட்டுநிலத்தையும் நீர்க்கரையையும் பற்றிக்கொண்டு வெளிநோக்கி நகர்வது அதில் புலப்பட்டது. 1939இல் வெளியான இந்த ஆய்வே 'துறைக் கோட்பாடு' எனப் புவியியல் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நின்றுவிடுகின்றன. சிகாகோ நில மதிப்பைப் பற்றிய தம் 1933ஆம் ஆண்டு நூலில், நில விலையை எந்த இனத்தவர் எவ்வாறு பாதிக்கின்றனர் என ஹாய்ட் வரிசைப்படுத்தியிருந்தார். கறுப்பினத்தவரும் மெக்சிகரும் அடியில் வைக்கப்பட்டனர். இதே எண்ணம் நிர்வாகத்தின் மதிப்பீட்டு விதிகளிலும் இருந்தது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குக் காப்புறுதி பெரும்பாலும் மறுக்கப்பட்டது. கடன் இல்லாததால் வீடுகள் பழுதுபார்க்கப்படவில்லை. பழுதான வீடுகளின் மதிப்பு சரிந்தது. அச்சரிவே முதல் மதிப்பீடு சரி என்பதற்குச் சான்றாயிற்று.

மற்றோர் அரசு அமைப்பான வீட்டு உரிமையாளர் கடன் கழகம், 200க்கும் மேற்பட்ட நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்து வரைந்தது. சிவப்பு என்றால் கடன் கொடுக்க ஆபத்தான பகுதி. கடன் மறுப்பில் இந்த வரைபடங்களின் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாய்வாளர்கள் உடன்படவில்லை. கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் பங்கில் அத்தகைய ஐயம் குறைவு. 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனப் பாகுபாட்டைத் தடை செய்தது. கழகத்தின் வரைபடங்களை ரிச்மண்ட் பல்கலைக்கழகம் எண்ணிமமாக்கியுள்ளது. இன்றைய தெருக்களின்மேல் அவற்றைப் பொருத்திப் பார்க்கலாம்.