பயத்துக்கு ஒரு டிக்கெட் கொடுங்க!

இந்த முறை ஐந்தொகை, பங்குச் சந்தை எதுவும் கிடையாது. பயப்படாமல் படிக்கலாம். ஆனால் விஷயமே பயம்தான் :-)

திகில் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது அந்தப் படங்களைப் பார்த்தவர்களைப் பற்றி. திரையில் கத்தி, ரத்தம், குடல் என்று வரும்போது கொட்டகையில் உட்கார்ந்திருந்த மனிதர்கள் என்ன செய்தார்கள்? சிலர் மயங்கி விழுந்தார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னும் சிலர் சத்தமே போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இதில் முதல் மூன்று வகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கென்னவோ நான்காவது வகைதான் முக்கியமாகப் படுகிறது. அதற்குப் போகும் முன் கொஞ்சம் வரலாறு பார்த்துவிடலாம்.

கதை சினிமாவில் ஆரம்பிக்கவில்லை, நாடகத்தில் ஆரம்பிக்கிறது. 1897-ல் பாரிஸ் நகரத்தின் பிகால் பகுதியில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு சின்னக் கட்டடத்தில் 'கிரான் கினியோல்' என்ற நாடகக் கொட்டகை திறக்கப்பட்டது. ஆரம்பித்தவர் ஆஸ்கார் மெத்தெனியே. அடுத்த வருஷமே அது மாக்ஸ் மோரே என்பவர் கைக்குப் போனது. முந்நூறு பேர்கூட உட்கார முடியாத இடம். கண்ணைத் தோண்டுவது, கழுத்தை அறுப்பது, முகத்தில் அமிலம் ஊற்றுவது எல்லாம் பார்வையாளருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும். நடுநடுவே சிரிப்பு நாடகங்களும் உண்டு. பயம், சிரிப்பு, மறுபடி பயம் என்று வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மாற்றி மாற்றி ஊற்றுகிற மாதிரி. அங்கே நடித்த பௌலா மாக்ஸா என்ற நடிகைக்கு, உலகிலேயே அதிக முறை கொலை செய்யப்பட்ட பெண் என்றே பட்டப்பெயர்!

ஒரு நாடகம் வெற்றியா தோல்வியா என்பதை மோரே எப்படி அளந்தாராம் தெரியுமா? அன்றைக்கு எத்தனை பேர் மயங்கி விழுந்தார்கள் என்று எண்ணுவாராம். விழுந்தவர்களைக் கவனிக்கக் கொட்டகைக்கென்றே ஒரு டாக்டரையும் வைத்திருந்தார்.

இங்கே நம்ம காமர்ஸ் மூளை விழித்துக்கொள்கிறது. அந்த டாக்டர் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? மருத்துவச் செலவிலா? நானாக இருந்தால் விளம்பரச் செலவில் எழுதுவேன். "டாக்டர் வைத்திருக்கிற கொட்டகை" என்று ஊர் பேசினால் அதைவிடப் பெரிய விளம்பரம் என்ன வேண்டும்?

இந்த யுக்தியை அமெரிக்கக்காரர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். 1958-ல் வில்லியம் காஸில் என்ற இயக்குநர் 'மக்காபர்' என்று ஒரு படம் எடுத்தார். படம் பார்த்துப் பயத்தில் யாராவது செத்துப்போனால் வாரிசுக்கு 1,000 டாலர் கிடைக்கும் என்று லண்டன் லாயிட்ஸில் இன்ஷூரன்ஸ் எடுத்து, டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் பாலிசி கொடுத்தார். தியேட்டர் முன்கூடத்தில் நர்ஸ்களை நிறுத்தி வைத்தார். 1963-ல் வந்த 'பிளட் ஃபீஸ்ட்' இன்னும் ஒரு படி மேலே போனது. சுமார் 24,500 டாலரில் எடுத்த, நடிப்பு, கதை எதுவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லாத படம். கலரில் ரத்தம் மட்டும் தாராளம். படம் பார்க்க வந்தவர்களுக்கு வாந்தி எடுக்கப் பை கொடுத்தார்கள்! இதை எடுத்த ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் பிறகு சினிமாவை விட்டுவிட்டு என்ன ஆனார் தெரியுமா? தபால் வழி விற்பனையிலும் விளம்பர வாசகம் எழுதுவதிலும் நிபுணர் ஆனார். அந்தத் துறையில் புத்தகங்களும் எழுதினார். மார்க்கெட்டிங் படிக்கும் நண்பர்கள் கவனிக்க.

ஆக, மயக்கம், வாந்தி, அலறல் எல்லாம் விற்கிற பொருளோடு சேர்ந்தே வருகிற இலவச இணைப்பு மாதிரி. அப்படியென்றால் எல்லாமே நடிப்பா? இல்லை, உடம்பு பொய் சொல்வதில்லை. சாதாரணமாகப் பயந்தால் இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆனால் ரத்தத்தையோ காயத்தையோ பார்த்தால் சிலருக்கு அந்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். மூளைக்குப் போகிற ரத்தம் குறையும், ஆள் சரிந்துவிடுவார். ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்தும்போது சிலர் மயங்குகிறார்களே, அதேதான்.

1973 டிசம்பர் 26-ல் அமெரிக்காவில் வெளியான 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்துக்குக் குளிரில் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். உள்ளே போனவர்கள் மயங்குகிறார்கள், வாந்தி எடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுத எழுத வரிசை நீண்டது. இதில் ஒரு வேடிக்கை. பிசாசு பிடித்த சிறுமியின் தலை சுற்றுகிற காட்சியைவிட, ஆஸ்பத்திரியில் அவள் கழுத்து ரத்தக்குழாயில் ஊசி குத்திப் பரிசோதனை செய்கிற காட்சியில்தான் நிறைய பேர் தாங்க முடியாமல் தவித்தார்கள் என்று இயக்குநர் வில்லியம் ஃப்ரீட்கினே சொல்லியிருக்கிறார். பிசாசைத் தாங்கிக்கொண்டவர்கள் ஊசியைத் தாங்கவில்லை. பிசாசு நம் வீட்டுக்கு வராது. ஊசி வரும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. எவ்வளவு ரத்தம் காட்டினார்கள் என்பதற்கும் எவ்வளவு பாதிப்பு என்பதற்கும் நேர்க்கணக்கு கிடையாது. 1960-ல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' குளியலறைக் கொலை ஒரு நிமிஷம்கூட இல்லை. கறுப்பு வெள்ளைப் படம், ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் சிரப். 1974-ல் வந்த 'தி டெக்ஸஸ் செயின் சா மாஸக்கர்' பெயரைக் கேட்டாலே ரத்த வெள்ளம் ஞாபகம் வரும். ஆனால் சிறுவர்களும் பார்க்கிற மாதிரியான சான்றிதழ் கிடைக்குமா என்ற ஆசையில் இயக்குநர் டோப் ஹூப்பர் ரத்தத்தை வேண்டுமென்றே குறைத்துத்தான் காட்டினார். இங்கிலாந்தின் தணிக்கை வாரியம் 1975-ல் அதற்குச் சான்றிதழ் மறுத்தது. எந்தக் காட்சியை வெட்டுவது? வெட்ட ஒன்றும் இல்லை. படத்தின் சூழல்தான் பிரச்சினை. 1999-ல்தான் சான்றிதழ் கிடைத்தது.

அப்படியானால் கணக்கு வேறு எதில் இருக்கிறது? என் கருத்து இது: ஒப்பந்தத்தில் இருக்கிறது. டிக்கெட் என்பது ஒரு ஒப்பந்தம். "நான் காசு தருகிறேன், நீ என்னைப் பயமுறுத்து. ஆனால் இது நிஜம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் விளக்கு எரியும், நான் பத்திரமாக வீட்டுக்குப் போவேன்." இந்த ஷரத்துகள் சரியாக இருக்கும்வரை அலறலும் சிரிப்பும் ஒன்றுதான், இரண்டும் சந்தோஷக் கணக்கு. மயங்கி விழுந்தவர்கூட மறுநாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஷரத்து உடைகிற இடத்தில்தான் சத்தம் நின்றுபோகிறது.

அதற்கு நல்ல உதாரணம் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 1,14,000 டாலரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். 1968 அக்டோபர் 1-ல் வெளியானது. வயதுவாரியாகப் படங்களைத் தரம் பிரிக்கும் முறை அமெரிக்காவில் நவம்பர் 1-ல்தான் அமலுக்கு வந்தது. அந்த ஒரு மாத இடைவெளியைக் கவனியுங்கள். பெற்றோர் சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவது அந்நாளைய வழக்கம். பேய்ப் படம் என்றால் ரப்பர் பொம்மை வரும், கடைசியில் ஹீரோ ஜெயிப்பார், அவ்வளவுதான் என்று அவர்கள் நினைப்பு.

அப்படி ஒரு மதியக் காட்சியில் போய் உட்கார்ந்த விமர்சகர் ரோஜர் ஈபர்ட், படத்தைவிட அதிகமாகப் பிள்ளைகளைக் கவனித்தார். 1969 ஜனவரியில் சிகாகோ சன்-டைம்ஸில் அதைப் பற்றி எழுதினார். முதலில் கொட்டகை முழுக்கக் கூச்சல், கும்மாளம். பாதியில் அது அடங்கத் தொடங்கியது. படத்தில் நல்லவர்கள் எரிந்து போகிறார்கள், அவர்களைப் பிணங்கள் தின்கின்றன. ஒரு சிறுமி பிணமாக எழுந்து தன் தாயையே கொல்கிறாள். கடைசிவரை தாக்குப்பிடித்த ஹீரோவைக் காப்பாற்ற வந்தவர்களே சுட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இது புரியவே இல்லை, ஹீரோ எப்படிச் சாக முடியும்? சுமார் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார்.

எங்கள் வணிகச் சட்டப் பாடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்கிற வழக்கு ஒன்று உண்டு: 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த மோஹோரி பீபி வழக்கு. மைனரோடு போட்ட ஒப்பந்தம் ஆரம்பம் முதலே செல்லாது. அந்தச் சிறுமியின் டிக்கெட்டும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. பெற்றோருக்கும் தெரியாது. வாசலில் டிக்கெட் கிழித்தவர் கேட்கவும் இல்லை. ஈபர்ட்டின் கோபமும் படம் எடுத்தவர் மேல் இல்லை. பிள்ளைகளை உள்ளே விட்டதன் மேல்தான்.

பெரியவர்களுக்கும் ஷரத்து உடைவது உண்டு. கிரான் கினியோல் 1962-ல் மூடப்பட்டது. கடைசி நிர்வாகி சார்ல்ஸ் நொனோன் சொன்ன காரணம்: புகென்வால்ட் நாஜி முகாமில் நடந்ததோடு தங்களால் போட்டி போட முடியாது. போருக்கு முன்னால், மேடையில் நடப்பதெல்லாம் நிஜத்தில் நடக்காது என்று பார்வையாளர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை போனதும் டிக்கெட் விற்கவில்லை.

1980-ல் இத்தாலியில் வந்த 'கானிபல் ஹோலோகாஸ்ட்' கதை இன்னும் மோசம். நடிகர்களை நிஜமாகவே கொன்றுவிட்டார் என்று இயக்குநர் ருஜேரோ தியோதாத்தோ மேல் சந்தேகம் எழுந்து, படம் பறிமுதல் ஆனது. அவர் நடிகர்களை உயிரோடு கொண்டுவந்து காட்ட வேண்டியதாயிற்று. ஆனால் படத்தில் விலங்குகளைக் கொன்றது நிஜம். மனிதர்களைக் கொல்லும் காட்சிகளைச் சகித்தவர்கள்கூட ஆமையைக் கொல்லும் காட்சியில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

சரி, இதில் அரசாங்கத்தின் வேலை என்ன? 1980-களின் தொடக்கத்தில் வீடியோ கேசட் வந்ததும் பிரிட்டனில் பெரிய கலவரமே நடந்தது. 'தி ஈவில் டெட்' உள்பட மொத்தம் 72 படங்கள் அரசு வழக்குத் துறையின் பட்டியலில் ஏறின. 39 படங்கள் மேல் வழக்கு ஜெயித்தது. போலீஸ் கடைகளில் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு போனது. 1984-ல் வீடியோவுக்கும் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம் என்று சட்டம் வந்தது. தடை கேட்டுப் போராடியவர்களில் முக்கியமானவர் மேரி வைட்ஹவுஸ் அம்மையார். அந்தப் படங்களை அவர் பார்த்ததில்லை, பார்க்கத் தேவையில்லை என்றும் சொன்னார்.

பள்ளிப் பிள்ளைகள் ஏராளமானோர் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று அப்போது ஒரு ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. கம்பர்பாட்ச், பேட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். உலகத்திலேயே இல்லாத படப் பெயர்களைக் கொடுத்து, இதெல்லாம் பார்த்திருக்கிறீர்களா என்று 11 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 68 சதவீதம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்! பசங்களுக்கு அது ஒரு வீரப் பதக்கம். இதைவிடப் பெரிய கூத்து, அந்த 1984 சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி தெரிவிக்கவே இல்லை, அதனால் அதை அமல்படுத்த முடியாது என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். அவசரமாக 2010-ல் மறுபடி நிறைவேற்றினார்கள்.

சிரிப்பு வந்தாலும், அந்தச் சட்டத்தில் ஒரு பாதி சரி என்றே நினைக்கிறேன். வயது போட்ட சான்றிதழ் ஒப்பந்தத்தைத் தெளிவாக்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது, யாருக்கு என்று முன்பே சொல்லிவிடுகிறது. 1968-ல் அந்தச் சிறுமிக்குக் கிடைக்காதது அதுதான். தடை என்பது வேறு. எல்லாம் தெரிந்து, காசு கொடுத்து, சம்மதத்தோடு பயப்பட வந்த பெரியவரின் ஒப்பந்தத்தை மூன்றாம் ஆள் வந்து கிழித்துப் போடுவது. முதலாவது பார்வையாளரை மதிக்கிறது. இரண்டாவது பார்வையாளரைக் கேட்பதே இல்லை.

அதனால் நண்பர்களே, திகில் படத்தில் அலறுகிறவரைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். கொடுத்த காசு அவருக்கு வசூலாகிவிட்டது. பக்கத்தில் சத்தமே இல்லாமல் யாராவது உட்கார்ந்திருந்தால், அதுவும் சின்னப் பிள்ளையாக இருந்தால், அங்கே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். டிக்கெட் பணம் போனால் போகிறது, வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், விவாதிக்கலாம். மீண்டும் சந்திப்போம்!