19 அடி நீளப் படம்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை நின்ற இடத்திலிருந்து வாசிக்க இயலாது. வரியோடு நாமும் நடந்தாக வேண்டும். 1858இல் லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் அவ்வாறே நகர்ந்து நகர்ந்து அவற்றைப் படமெடுத்தார். அப்படி எடுத்த 21 படங்களைப் பக்கம்பக்கமாக இணைத்தபோது ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படம் கிடைத்தது.

டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த அதிகாரி. விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது இக்கலையில் ஈடுபட்டு, 1853இல் லண்டன் புகைப்படச் சங்கத்தில் சேர்ந்தார். 1854இன் இறுதியில் ஹளேபீடு, பேலூர்; 1855இல் பர்மா. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் என்ற பதவி அதன் பிறகே வாய்த்தது. தஞ்சைக்கு வந்தபோது அவர் கை நன்கு பழகியிருந்தது.

தென்னாட்டுப் பயணத்தில் அவர் மிகுதியும் கையாண்டது மெழுகுக் காகித முறை. தாளில் மெழுகை உருக்கி ஏற்ற வேண்டும். அயோடைடுக் கரைசலில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பின்பு வெள்ளி நைட்ரேட். வெளிச்சம் பதிய நிமிடக் கணக்கு, உருத் துலங்க மணிக்கணக்கு. பிழை நேர்ந்திருந்தால் அப்போதுதான் தெரியவரும். வானம் வெளிறிப்போவது இம்முறையின் குறை. டிரைப் நெகடிவின் மீது வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். இதைப் பொய் என்போர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆனால் கல்வெட்டுக்கு மேகம் உதவாது. தனிப் படமென்றால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று தேறும். இங்கோ 21இல் ஒன்று கெட்டாலும் வரி அறுந்துவிடும். காமிராவின் உயரமும் சுவரிலிருந்து அதன் தொலைவும் கடைசிவரை மாறலாகாது. இத்தனைக்கும் அவற்றுள் எந்த ஒன்றையும் தனியே எடுத்து அழகென்று சொல்ல முடியாது. அழகு தராத ஒன்றைப் 21 முறை ஒரே கவனத்தோடு செய்திருக்கிறாரே, அதுதான் என்னை வியக்கவைக்கிறது. அவ்வெழுத்துகள் ஹுல்ஷின் பதிப்பாக அச்சில் வர மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

ஒருமுறை மாணவர்களோடு அங்கே சென்றிருந்தேன். கைபேசிகளில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார்கள். திரும்பி வந்து, பாடத்துக்காக ஒரே ஒரு வரியை முழுமையாக வாசிக்க முயன்றோம். எந்தப் படத்திலும் அது முடியவில்லை. நான் எடுத்தவையும் அப்படித்தான் இருந்தன.

1859இல் ஆளுநர் சார்லஸ் ட்ரெவெல்யன், அன்றைய நிதிநிலைக்கு இது ஆடம்பரம் என்று கருதிப் புகைப்படப் பணியை நிறுத்தினார். டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். 1902இல் காலமானார். இடைப்பட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் அவர் எடுத்ததாக அறியப்படும் படங்கள் மிகச் சிலவே.