சின்கிளேர் கியூஎல் கணினியின் முன்பதிவு

சின்கிளேர் கியூஎல் என்பது பிரித்தானியாவின் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் 1984 சனவரி 12 அன்று அறிமுகப்படுத்திய கணினி ஆகும். உருவாக்கி முடிக்கப்படும் முன்பே, வாங்குவோரிடம் பணம் பெற்று முன்பதிவு செய்யப்பட்ட கணினிகளுள் இது பெரிதும் பேசப்பட்ட ஒன்று.

பின்னணி

கிளைவ் சின்கிளேர் தொடங்கிய இந்நிறுவனம் இசட்எக்ஸ்80, இசட்எக்ஸ்81, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் ஆகிய மலிவு விலைக் கணினிகளால் புகழ்பெற்றது. இவை அஞ்சல் வழியாகவும் விற்கப்பட்டன. இதழ்களில் வரும் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பினால் கணினி வீட்டுக்கே வந்துசேரும். முந்தைய கணினிகள் பெற்ற நற்பெயரே, பார்த்திராத புதிய கணினிக்கும் பணம் அனுப்பலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது.

அறிமுகமும் முன்பதிவும்

மோட்டோரோலா 68008 நுண்செயலி, 128 கிலோபைட்டு நினைவகம், இரண்டு மைக்ரோடிரைவ் நாடா இயக்கிகள், சயான் நிறுவனத்தின் நான்கு அலுவலக மென்பொருள்கள் ஆகிய அனைத்தும் 399 பவுண்டுக்குக் கிடைக்கும் என அறிவிக்கப்பட்டது. அப்போது முழுமையாக இயங்கும் முன்மாதிரி ஒன்றுகூட இருக்கவில்லை. எனினும், 28 நாள்களில் அனுப்புவதாக உறுதியளித்து நிறுவனம் உடனே முன்பதிவைத் தொடங்கியது. முடிவுற்ற கணினியே இல்லாததால், அதை இதழாளர்கள் சோதித்து மதிப்பிடவும் வழியில்லை. வாங்குவோர் நிறுவனத்தின் சொல்லை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது.

தாமதமும் குறைகளும்

ஏப்ரலில்தான் கணினிகள் மெதுவாக அனுப்பப்படத் தொடங்கின. தாமதம் கடும் கண்டனத்துக்கு உள்ளானது. பிரித்தானிய விளம்பரத் தர ஆணையத்தின் கவனத்துக்கும் சென்றது. வந்த கணினிகளிலும் குறைகள் இருந்தன. இயக்குதளமும் சூப்பர்பேசிக் மொழியும் திட்டமிட்ட 32 கிலோபைட்டு வாசிப்பு நினைவகத்தில் அடங்கவில்லை. எனவே 16 கிலோபைட்டு கொண்ட தனித் துண்டு ஒன்று கணினியின் பின்புறம் செருகி அனுப்பப்பட்டது. சூப்பர்பேசிக்கில் பிழைகள் மலிந்திருந்தன. மைக்ரோடிரைவுகளும் நம்பகமாக இயங்கவில்லை.

விளைவுகள்

பிழைகள் பின்னர் பெருமளவு திருத்தப்பட்டன. ஆனால் முதல் மாதங்களில் கெட்ட பெயர் மாறவில்லை. 1985இல் விலை பாதியாக, 199 பவுண்டாகக் குறைக்கப்பட்டது. 1986 ஏப்ரலில் சின்கிளேரின் கணினி வணிகத்தை ஆம்சுட்ராட் நிறுவனம் 50 இலட்சம் பவுண்டுக்கு வாங்கியது, கியூஎல் தொடரப்படவில்லை.

விற்பனைக்கு முன் ஆய்வகத்தில் நடந்திருக்க வேண்டிய சோதனை, பணம் கட்டியவர்களின் மேசைகளில் நடந்தது என்பதே இந்நிகழ்வின் சாரம். வெளியார் மதிப்பீடு வரும்வரை பொறுத்திருந்தவர்கள் அதே கணினியைப் பிழை நீங்கிய வடிவில், குறைந்த விலைக்குப் பெற முடிந்தது.