மருத்துவச்சியின் கையில் ஒரு நூல்

வீட்டில் ஒரு பெண் சூலுற்றிருக்கிறாள். அவள் ஓய்வாக அமர்ந்து விரும்பிப் படிக்கும்படி, கருவளர்ச்சியையும் மகப்பேற்றையும் பற்றி எளிய தமிழில் ஒரு நல்ல நூல் வேண்டும். நீங்கள் எதைக் கொடுப்பீர்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வி என் முன் வந்து நின்றது. கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறவன் நான். கேளா ஒலி அலைகள் கருவின்மேல் பட்டுத் திரும்பிப் படமாவதை என் மனைவிக்கு விளக்க முடிந்தது. "குழந்தை இப்போது என்ன செய்துகொண்டிருக்கும்?" என்று அவள் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. மருத்துவமனையில் கொடுத்த அறிவுரைத் தாளோ ஆங்கிலத்தில் இருந்தது. அவள் அதை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள். அப்போதுதான் இத்தகைய நூல்களின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவற்றுள் சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் மருத்துவ நூல்கள் பெரும்பாலும் இலத்தீன் மொழியில்தான் இருந்தன. பிரசவம் பார்த்தவர்களோ மருத்துவச்சிகள். அவர்களுக்கு இலத்தீன் தெரியாது. இலத்தீன் அறிந்த மருத்துவர்களுக்குப் பேறுகால அறைக்குள் செல்லும் வழக்கம் இல்லை. நூல் ஓரிடத்திலும் வேலை வேறோரிடத்திலுமாக இருந்த காலம் அது.

இந்நிலையில், 1513ஆம் ஆண்டில், யூக்காரியஸ் ராஸ்லின் என்ற மருத்துவர் சூலுற்ற பெண்களுக்கும் மருத்துவச்சிகளுக்குமாக ஒரு நூல் வெளியிட்டார். "ரோஜாத் தோட்டம்" என்பது அதன் பெயர். அது மக்கள் பேசும் ஜெர்மன் மொழியில், மரச்செதுக்குப் படங்களோடு வந்தது. பின்னர் பல மொழிகளுக்குச் சென்றது. 1540இல் வெளிவந்த ஆங்கில வடிவம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் திரும்பத் திரும்ப அச்சாயிற்று.

ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கருப்பை ஒரு குப்பியைப்போல் இருக்கும். உள்ளே குழந்தை, உருவில் சிறுத்த மனிதனைப்போல், கை கால்களை வீசிக்கொண்டு நிற்கும்! ராஸ்லின் அவற்றை நேரில் பார்த்து வரையச் செய்யவில்லை. பழைய ஏட்டுப்படிகளில் வழிவழியாக வந்த உருவங்களே அவை. நூலின் முன்னுரைச் செய்யுளில் மருத்துவச்சிகளின் அறியாமையை அவர் கடிந்துகொள்கிறார். பிரசவத்தைக் கண்ணால் கண்டிருந்தவர்களோ அந்த மருத்துவச்சிகள்தாம்! தாய்மொழியில் எழுதிவிட்டால் போதாது, எழுதுவது உண்மையா என்றும் பார்க்கவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று அல்லவா?

கண்ணால் கண்டவர்களே பேனாவை எடுக்கும் காலமும் வந்தது. 1671இல் லண்டனில் ஜேன் ஷார்ப் என்ற மருத்துவச்சி ஒரு நூல் வெளியிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொழில் அனுபவம் தமக்கு உண்டு என்று முகப்பிலேயே குறித்தார். கிரேக்கமும் இலத்தீனும் தெரியாவிட்டால் மருத்துவச்சி ஆகமுடியாது என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. எளிய ஆங்கிலமே போதும் என்று எழுதினார்.

ஜெர்மனியைச் சேர்ந்த யுஸ்டினே சீகமுண்டின் கதை இன்னும் வியப்பானது. இருபது வயதளவில் அவர் சூலுற்றிருப்பதாக மருத்துவச்சிகள் தவறாக முடிவுகட்டினார்கள். பிரசவ வலிதான் என்று சொல்லி அவரைப் பெரிதும் துன்புறுத்தினார்கள். உண்மையில் அது ஒரு நோய். "இப்படிப்பட்ட தவறு ஏன் நேர்ந்தது?" என்று அறிய விரும்பி அவர் மகப்பேற்று நூல்களைக் கற்றார். பிள்ளை பெறாத அவர் புகழ்பெற்ற மருத்துவச்சியானார். பிராண்டன்பர்க் அரசவையிலும் பணிபுரிந்தார். 1690இல் வெளிவந்த அவரது நூல், ஆசிரியைக்கும் மாணவிக்கும் இடையே நடக்கும் உரையாடலாக அமைந்தது. மாணவி ஐயம் கேட்கிறாள். ஆசிரியை விடை சொல்கிறாள். குழந்தை குறுக்கே கிடந்தால் கையை எப்படி வைத்துத் திருப்பவேண்டும் என்பதைச் செப்புத்தகட்டுப் படங்கள் காட்டின. கதை கேட்பதுபோல் படிக்கத்தக்க பாடநூல் அது!

நல்ல உண்மை கையில் இருந்தும் அதைக் காலத்தில் எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? இதற்கு வியன்னா பொது மருத்துவமனையில் பணியாற்றிய செம்மெல்வைஸ் எடுத்துக்காட்டு. அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் இருந்த முதற் பிரிவில்தான் தாய்மார்கள் மிகுதியாக இறந்தனர். அங்கே சேர்க்கவேண்டாம் என்று பெண்கள் கெஞ்சினார்களாம். மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்த கைகளோடு பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று செம்மெல்வைஸ் கண்டார். 1847 மே மாதத்தின் நடுவில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் 18.3 விழுக்காடாக இருந்த இறப்பு, ஜூனில் 2.2 விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் எழுதுவதில் அவருக்கு இயல்பாகவே விருப்பமில்லை. முழு நூல் 1861இல்தான் வந்தது. அதுவும் எதிர்ப்பாளர்களைச் சாடும் நீண்ட, படிக்கக் கடினமான நூலாக வந்தது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் கழுவாத கைகளால் இறந்த தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

வியன்னாவில் கண்ட உண்மை நூலாகாமல் கிடந்த அதே ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தில் வேறொரு முயற்சி நடந்தது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இல் அங்கு வந்து சேர்ந்தார். மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே தமிழ் கற்றார். டப்ளின் நகர மருத்துவர் மான்சல் எழுதிய மகப்பேற்று நூலைத் தமிழாக்கி 1857இல் "பிரசவ வைத்தியம்" என்று வெளியிட்டார். 1864 முதல் மருத்துவக் கல்வியையே தமிழில் கற்பித்தார். கலைச்சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிட்டால் வடமொழியை நாடுவது, அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்பது அவர் வகுத்த முறை. "தமிழில் மருத்துவம் முடியுமா?" என்று இன்று யாரேனும் உங்களிடம் கேட்டால் இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இத்துறையில் உலகெங்கும் விரும்பிப் பார்க்கப்பட்ட நூல், சுவீடன் நாட்டு ஒளிப்படக் கலைஞர் லென்னார்ட் நில்சனுடையது. 1965இல் வெளிவந்த அந்நூலில் கருவின் வளர்ச்சி வண்ணப்படங்களாக விரிந்தது. குப்பிக்குள் நின்ற ராஸ்லினின் குட்டி மனிதனுக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு! 1977இல் விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்களின் பொன்தட்டிலும் நில்சனின் படம் இடம்பெற்றது. எனினும் ஒன்றை மறக்கலாகாது. அவர் காட்டிய கருக்களிற் பெரும்பாலானவை கருப்பைக்குள் உயிரோடு இருந்தவை அல்ல. கருச்சிதைவு, கருக்கலைப்பு ஆகியவற்றால் வெளிவந்தவை. அழகான படத்தைக் கண்டாலும் "இது எப்படி எடுக்கப்பட்டது?" என்று கேட்பதுதான் அறிவியல் நோக்கு.

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றது இதுதான்: நல்ல மகப்பேற்று நூலுக்குப் படிப்பவளின் மொழி வேண்டும், கண்ணால் கண்ட உண்மை வேண்டும், அதை உரிய காலத்தில் எழுதும் முனைப்பும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இழப்பு தாய்க்குத்தான்.

என் மனைவியின் கேள்விக்கு அன்று பாதி விடை சொன்னவர் என் மாமியார். பல பிரசவங்களை அருகிருந்து பார்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். மீதி விடையை மருத்துவரிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் தமிழில் எழுதினேன். மாமியார் சொன்னவற்றுள் சில சரி, சில தவறு என்று அப்போது தெரிந்தது. இரண்டையும் எழுதி வைத்தேன். அண்மையில் எங்கள் தெருவில் ஒரு பெண் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிச் சென்றாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பாரே? அவரிடம் கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். எழுதியதை மருத்துவம் அறிந்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள். சீகமுண்டும் ஒரு கேள்வியோடுதான் தொடங்கினார்.